தாய்மாமன் ரத்த உறவில் வர மாட்டார்

"பெற்றோர் இரத்த உறவில் திருமணம் செய்தவர்களா?" என்ற கேள்விக்கு எதிரே இரண்டு கட்டங்கள் இருந்தன. அதில் 'இல்லை' என்ற கட்டத்தில் நீல மையில் டிக் அடித்தேன். என் மனைவி என் தாய்மாமன் மகள்.

அவசரத்தில் நடந்த தவறு என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். வழியில்லை. கேள்வியை இரண்டு முறை படித்தேன். மனைவியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவள் கையில் ஒட்டியிருந்த மாவோடு வந்து நின்று யோசித்தாள். இருவரும் ஒருமனதாக முடிவெடுத்த பிறகுதான் பேனாவை வைத்தேன்.

"எங்கப்பா உனக்கு மாமன். மாமன்னா முறை. முறைன்னா எப்பிடி மாமா ரத்தம் ஆவும்?" என்றாள். என்னை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவள் அப்பாவை நான் மாமா என்று கூப்பிடுகிறேன். எங்கள் வீட்டில் அந்த ஒரு சொல் இரண்டு ஆள் வேலை பார்க்கிறது.

அவள் சொன்னதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பங்காளி வீட்டில் பெண் எடுத்தால் ஊரே காறித் துப்பும், ஏனென்றால் அவள் தங்கை, ஒரே ரத்தம். மாமன் வீட்டில் எடுத்தால் பந்தல் போட்டு மேளம் வைப்பார்கள். ரத்தமாக இருந்தால் மேளம் வைப்பார்களா? இதை நான் பழக்கத்தால் மட்டும் நம்பவில்லை. சட்டப்படியும் நம்பினேன். அதற்குக் காரணம் என் தொழில்.

செஞ்சியில் பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் பத்திரம் எழுதுகிறேன். இருபத்தெட்டு வருடமாக. சொத்தைச் சொந்தத்துக்குத் தானமாக மாற்றும் செட்டில்மெண்ட் எழுத வருகிறவர்கள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேட்பது, "ரத்த சொந்தத்துக்குள்ள எழுதினா ஸ்டாம்ப் கட்டணத்துல சலுகையாமே சார்?" நான் விரல் மடக்கிச் சொல்வேன்: அப்பா, அம்மா, மகன், மகள், பேரன், பேத்தி, கூடப்பிறந்தவர்கள், புருஷன், பெண்டாட்டி. "எனக்கு எங்க மாமன்தான் சார் எழுதிக் குடுக்கறாரு." உடனே நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவேன். "தாய்மாமன் ரத்த உறவில் வர மாட்டார்." அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி அதற்கு ஒரு ராகமே வந்துவிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் ரத்த உறவு, தாய்மாமன் வேற்று ஆள் என்கிற பட்டியலில் ஏதோ இடிக்கிறதே என்று இருபத்தெட்டு வருடத்தில் ஒருநாளும் எனக்கு உறைத்ததில்லை. நிறையப் படிக்கிறவன் என்று வேறு பெயர்.

படிவம் மகளுக்கானது. அவளுக்கு இருபத்து நான்கு வயது. அனந்தபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எடுக்கிறாள். வண்டியில் போய்வருவாள். போன வருடம் ஒருநாள் சாயங்காலம் திரும்பும்போது, நின்றிருந்த டிராக்டர் டிரெய்லரில் போய் இடித்துவிட்டாள். முழங்கை சிராய்ப்போடு போயிற்று. "லைட் போடாம நிறுத்தி வச்சிருந்தான் நைனா" என்றாள். டிராக்டர்காரனை ஒரு கை பார்க்கக் கிளம்பினேன். பொது இடத்தில் வாகனம் நிறுத்துவது பற்றி எனக்குத் தெரிந்த சட்டம், தெரியாத சட்டம் எல்லாவற்றையும் எடுத்து வீசினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, விரலை மேலே காட்டினான். டிரெய்லர் நின்றிருந்தது தெருவிளக்குக்கு நேர் கீழே. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் பழையவை ஒவ்வொன்றாக வந்து மேலே விழுந்தன. சினிமாக் கொட்டகையில் சீட் தேடும்போது என் சட்டையைப் பிடித்துக்கொள்வாள். கல்யாண வீடுகளில் பந்தலை விட்டு இருட்டுக்குப் போகவே மாட்டாள். கரண்ட் போனால், எங்கே இருந்தாளோ அங்கேயே அசையாமல் உட்கார்ந்திருப்பாள். "வந்துட்டா பாரு சிலை" என்று கேலி செய்வேன். பத்து வருடம் செய்த கேலி.

புதுச்சேரியில் ஒரு கண் மருத்துவர் விழித்திரையை நெடுநேரம் பார்த்தார். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கி வருகிறது, பரம்பரையாக வருகிற வகை போலிருக்கிறது என்றார். "எந்த ஜீன்னு தெரிஞ்சாத்தான் மேல பேச முடியும். சில வகைக்குச் சிகிச்சை வந்திருக்கு. சிலதுக்கு ஆராய்ச்சியில சேர்த்துக்குறாங்க. சிலதுக்கு இப்போதைக்கு ஒண்ணும் இல்ல. உங்களுது எதுன்னு டெஸ்ட்தான் சொல்லணும்."

திரும்பி வரும் பஸ்ஸில் மகள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "எதுவா இருந்தாலும் சரி நைனா. தெரிஞ்சிடணும். தெரியாம வண்டிய எடுக்கறதுதான் முடியல."

எங்கள் பாஷையில் இதற்கு வில்லங்கம் போட்டுப் பார்ப்பது என்று பெயர். சொத்து வாங்குமுன் முன்னோர் யாராவது அதை எங்காவது அடமானம் வைத்துவிட்டுச் சொல்லாமல் செத்தார்களா என்று பார்ப்போம் இல்லையா, அது. உடம்புக்கும் வில்லங்கச் சான்று வாங்க முடியும் என்பது தெரிந்ததும், பயத்துக்கு நடுவிலும் தொழில்காரனுக்கு ஒரு சின்ன உற்சாகம் வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். "ஃபார்ம் எல்லாம் நீ பாத்துக்க நைனா. உன் வேலதானே" என்று மகள் சொன்னதும் அந்த உற்சாகம் கர்வமாகிவிட்டது.

பெட்டி கூரியரில் வந்தது. மிட்டாய்ப் பெட்டி அளவில் வெள்ளை அட்டைப் பெட்டி. உள்ளே ஊதா மூடி போட்ட மூன்று கண்ணாடிக் குழாய்கள், மகளுக்கு ஒன்று, எங்களுக்கு ஆளுக்கொன்று. பஞ்சு, ஒட்டுக் கவர்கள், சம்மதப் படிவம், மருத்துவர் குறிப்புக்கு ஒரு தாள், குடும்ப வரைபடத்துக்கு இரண்டு தாள். ஒன்று அப்பா பக்கம், ஒன்று அம்மா பக்கம். எதை விட்டாலும் சாம்பிள் ஏற்கப்படாது என்று பெட்டி மூடியிலேயே அச்சடித்திருந்தது. ஆவணத்தில் குறை இருந்தால் திருப்பி அனுப்புகிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் மரியாதை உண்டு.

முதல் தகராறு பெயரிலேயே. கடைசிப் பெயர் என்று ஒரு கட்டம். எனக்கு என் அப்பா பெயரைப் போட்டேன். மனைவிக்கு என் பெயர். மகளுக்கும் என் பெயர். எழுதி முடித்துப் பார்த்தால், அந்தத் தாளின்படி என் மனைவியும் மகளும் அக்கா தங்கை, நான் யாரோ.

அடுத்தது குடும்ப வரைபடம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்குக் குறுக்கே ஒரு கோடு. மாதிரிப் படம் கொடுத்திருந்தார்கள். அது மிகவும் எளிமையாக இருப்பதாகப் பட்டது எனக்கு. ஆகவே நான் வாரிசுப் பட்டியல் எழுதும் முறையில் ஒவ்வொரு சதுரத்துக்கும் எண் போட்டு, இறந்தவர்களுக்குக் 'காலஞ்சென்ற' சேர்த்து, ஊர், வயது, இறந்த காரணம் எல்லாம் எழுதினேன். ஓரத்தில் வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறி போடாததுதான் பாக்கி. அப்பா பக்கத் தாளை நானே முடித்தேன். அம்மா பக்கத் தாளை மனைவியிடம் கேட்டுக் கேட்டு முடித்தேன். பிறகுதான் அந்த ரத்த உறவுக் கேள்வி வந்தது.

வியாழக்கிழமை காலை ரத்தம் எடுக்கப் போனோம். கூட்டு ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை நிலையம். எடுக்கிற பெண் மகளுக்கும் மனைவிக்கும் எடுத்து முடித்து என்னிடம் வந்தாள். எனக்கு ரத்தத்தைக் கண்டால் பயமெல்லாம் கிடையாது என்று விளக்கிக்கொண்டே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கண்ணை இறுக்கி மூடி, பல்லைக் கடித்து, "ஸ்ஸ்" என்றேன்.

"சார், இன்னும் ஊசியே பிரிக்கல" என்றாள்.

குழாய்களை மெதுவாகக் கவிழ்த்துக் கவிழ்த்து நிமிர்த்தினாள். குலுக்கக் கூடாதாம். பெயர், பிறந்த தேதி, எடுத்த நேரம் எழுதிய சீட்டுகளை நானே மூன்று முறை ஒத்துப் பார்த்தேன். "சூட்டுல வைக்காதீங்க, ஃப்ரீசர்லயும் வைக்காதீங்க. கூரியர்காரர் நாலு மணிக்கு வருவாரு" என்று சொல்லிப் பெட்டியைக் கையில் கொடுத்தாள்.

மே மாதச் செஞ்சியில், காலை பத்து மணிக்கு, சூடு இல்லாத இடம் என்று எதைச் சொல்வது? சுற்றிலும் பாறை. ராஜகிரிக் கோட்டை மலை முந்தாநாள் வாங்கின வெயிலையே இன்னும் திருப்பிக் கொடுத்து முடிக்கவில்லை. பெட்டியை மேசையில் வைத்தேன். ஜன்னல் வழியாக வெயில் நகர்ந்து வருவது மாதிரி இருந்தது. பீரோ மேல் வைத்தேன். மேலே ஓடு. இறக்கினேன். வீட்டில் குளிர்ச்சியான இடம் சாமி அறை என்று தோன்றி அங்கே கொண்டுபோனேன்.

"ரத்தத்த கொண்டாந்து சாமி ரூம்ல வெக்கற! எடு மாமா மொதல்ல!" என்று மனைவி கத்தினாள். கடைசியில் தண்ணீர்க் குடம் வைக்கிற மேடைக்குக் கீழே, சாக்கு விரித்து வைத்தோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து பார்த்தேன். எதைப் பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது. நாலு மணிக்கு வர வேண்டிய ஆள் நாலே முக்காலுக்கு வந்தார். அந்த முக்கால் மணி நேரத்தில் நான் தெருமுனைக்கு எத்தனை முறை போய் வந்தேன் என்பதை எதிர்வீட்டு நாய் அறியும்.

பெட்டி போயிற்று. படிவமும் அதோடு போயிற்று.

சனிக்கிழமை காலை கடையில் இருந்தேன். எதிரே ஒருவர், தன் அக்கா மகனுக்கு அரை ஏக்கர் எழுதி வைக்க வந்தவர். அவரிடம் அப்போதுதான் கண்ணாடியைக் கழற்றி, ராகத்தோடு அந்த வாக்கியத்தைச் சொல்லி முடித்திருந்தேன். ஃபோன் அடித்தது. பெட்டி போய்ச் சேர்ந்த மரபணுப் பரிசோதனைக் கூடத்தின் ஆலோசகர். குரலை வைத்துப் பார்த்தால் என் மகள் வயதுதான் இருக்கும்.

"சார், மேடத்துக்கு ஃபோன் பண்ணினேன். மாமா கிட்ட பேசிக்கங்கன்னு உங்க நம்பர் குடுத்தாங்க. நீங்க மேடத்தோட அங்கிளா?"

"இல்லம்மா. வீட்டுக்காரர்."

"மாமான்னு சொன்னாங்களே?"

"மாமான்னுதான் கூப்பிடுவா."

அந்தப் பக்கம் பேனா எதையோ குறித்துக்கொள்கிற சத்தம்.

"சரிங்க சார். ஃபேமிலி சார்ட்ல ஒரு டவுட். ரொம்ப டீட்டெய்லா போட்டிருக்கீங்க, எல்லாரும் இப்படிப் போட மாட்டாங்க." நான் நாற்காலியில் நிமிர்ந்தேன். "அப்பா சைடு பேஜ்ல, உங்க அம்மாவோட அப்பான்னு ஒருத்தர் இருக்காரு. அம்மா சைடு பேஜ்ல, மேடத்தோட அப்பாவோட அப்பான்னு ஒருத்தர். ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. ஒரே ஊரு. இறந்த வயசும் ஒண்ணு. காப்பி பண்றப்ப மாத்தி எழுதிட்டீங்களோன்னு கேக்கலாம்னு..."

"தப்பெல்லாம் வராதும்மா" என்றேன் பெருமையோடு. "ரெண்டும் ஒருத்தர்தான்."

ஃபோனில் ஒரு மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, நான் இப்போது என்ன சொன்னேன் என்பதை நானே ஒருமுறை கேட்டேன். ஒரே ஆள். இரண்டு தாளிலும். அவர் ரத்தம் என் அம்மா வழியாக எனக்கு வந்திருக்கிறது. என் மாமா வழியாக என் மனைவிக்கு வந்திருக்கிறது. எங்கள் இருவர் வழியாகவும்...

"அப்ப சொந்தத்துல கல்யாணமா சார்?"

"சொந்தம்தான்மா. ஆனா..." என்று ஆரம்பித்தேன். எதிரே இருந்த அரை ஏக்கர்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

அந்தப் பெண் நல்லவள். திட்டவில்லை. நிறையப் பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று கூடச் சொன்னாள், அது பொய்யாகவும் இருக்கலாம். பிறகு நிதானமாக விளக்கினாள். ஒரே தாத்தா இரண்டு பக்கமும் வருவதால், ரிப்போர்ட்டைப் படிக்கிற முறையே மாறும். அவருக்குக் கண்ணில் ஏதாவது இருந்ததா என்ற இடத்தில் இரண்டு தாளிலும் 'தெரியாது' என்று போட்டிருக்கிறேன். அதை விசாரித்து எழுத வேண்டும். "திங்கட்கிழமை சாயந்திரத்துக்குள்ள திருத்தின ஃபார்மை ஃபோட்டோ எடுத்து அனுப்பிடுங்க. வந்தா இந்த வாரமே டெஸ்ட் போட்டுடுவோம். இல்லன்னா சாம்பிள் ஹோல்டுக்குப் போயிடும். லேட்டாச்சின்னா மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லுவாங்க, மறுபடி வரிசையில மொதல்லருந்து."

அரை ஏக்கர்காரரை மறுநாள் வரச் சொன்னேன். மறுநாள் ஞாயிறு என்பதை அவர்தான் சொன்னார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். சொல்வதற்குள் நான்கு முறை உட்கார்ந்து எழுந்தேன். அவள் இரண்டு தாள்களின் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவள் தாத்தாவின் சதுரத்தில் ஒரு விரலும் என் தாத்தாவின் சதுரத்தில் ஒரு விரலும் வைத்தாள். விரல்களை எடுக்கவே இல்லை.

"அப்ப நாமதானா மாமா?" என்றாள்.

இன்னும் தெரியாது, டெஸ்ட் வந்தால்தான் தெரியும் என்று ஏதோ சொன்னேன். மின்விசிறியைக் கூட்டினேன், குறைத்தேன். எங்கள் கல்யாணம் பெரியவர்கள் பேசி வைத்தது என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் அவர்கள் பேசுவதற்கு நான்கு வருடம் முன்பே நான் பஸ் ஏறி பஸ் ஏறித் தொண்டூருக்குப் போய்க்கொண்டிருந்தேன், மாமனைப் பார்க்க என்ற பெயரில். அந்தக் கட்டத்தில் 'ஆம்' என்று அடித்தால், அந்த பஸ் பயணங்கள் எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்துப் போடுவது மாதிரி இருந்தது.

மகள் பள்ளியில் கோடை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வந்தாள். வருகிறபோது நாங்கள் இருவரும் ஆளுக்கொரு மூலையில் இருந்ததைப் பார்த்துப் பயந்துவிட்டாள். விஷயத்தைச் சொன்னேன். தாள்களைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"ஏன் நைனா, ஒரே ஆளுக்கு ரெண்டு எடத்துல பட்டா போட்டு வச்சிருக்கியே, உன் ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா இத?"

"கேலி பண்ணாதடி" என்றாள் மனைவி.

"நான் அழுவட்டுமா? அழுதா ஃபார்ம் சரியாயிடுமா?" அதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் ஏறியது. உடனே இறக்கிக்கொண்டாள். "நாளைக்குத் தொண்டூர் போலாம். தாத்தாவைக் கேட்டா தெரிஞ்சிடும். ஒரு நாள்தான் இருக்குது."

ஞாயிறு காலை மூன்று பேரும் பஸ் ஏறினோம். என் மாமனார் எழுபத்தாறு வயதிலும் தன் காணியைத் தானே சுற்றி வருகிறவர். மாமியார் போய் எட்டு வருடம் ஆகிறது. நாங்கள் போனபோது வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, செல்ஃபோனில் யாரோ மாடு விலை பேசுவதைச் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னா மாப்ள, சொல்லாம கொள்ளாம? வா கண்ணு" என்று பேத்தியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

நான் சுற்றி வளைத்து ஆரம்பித்தேன். மூலப்பத்திரம் பார்க்கிறவன் அப்படித்தான் ஆரம்பிப்பான். மழை, கடலை, கோடைத் தண்ணீர் என்று வந்து, பிறகு அந்தக் காலத்து மனிதர்களின் உடல்நிலை என்று திரும்பினேன். மாமனார் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இன்னா விசாரிக்கற நீ? எங்க குடும்பத்துல ஒரு நோவும் கெடையாது. சர்க்கர இல்ல, பிரஷர் இல்ல. எழுதிக்க."

"தாத்தா," என்றாள் மகள், என் மழையையும் கடலையையும் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டு, "உங்க நைனாவுக்குச் சாயந்திரத்துக்கு மேல கண்ணு தெரியுமா?"

"இன்னா பேச்சு இது? எங்க நைனாவப் பத்தி தெரியுமா உனக்கு? இந்தச் சுத்துவட்டாரத்துல அவரு மாதிரி ஒழுக்கம் ஒருத்தன் கெடையாது. விளக்கு வெச்சா வீடு. அவ்ளோதான். ஊரே விடிய விடிய கூத்து பாக்கும், அவரு போவ மாட்டாரு. சீட்டாட்டம் கெடையாது. கள்ளுக்கட இருந்தது ஏரிக்கு அந்தாண்ட, அந்தப் பக்கம் கால் வெச்சதில்ல. குடின்னா இன்னான்னே தெரியாத மனுசன். அவரப் பாத்துத்தான் நானும் ஒரு சொட்டு தொட்டதில்ல."

"சாப்பாடு எப்ப தாத்தா சாப்பிடுவாரு?"

"பொழுதோட சாப்ட்டுடுவாரு. அது ஒரு பழக்கம். எப்பனா நேரமாயிட்டா, எங்கம்மா தட்டுல கைய புடிச்சி வெக்கும், சோறு இங்க, கொழம்பு இங்கன்னு. அவ்ளோ அன்னியோன்னியம் ரெண்டு பேருக்கும்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் மனைவியைப் பார்த்தேன்.

"கழனியில இருந்து நேரம் கழிச்சி வந்தா?"

"மாட்டு முதுவுல கைய வெச்சிக்கினுதான் வருவாரு. எடுக்கவே மாட்டாரு கைய. மாடுங்க மேல அப்பிடி ஒரு பாசம் அவருக்கு..."

அங்கே நிறுத்தினார். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. செல்ஃபோனில் மாடு விலை ஓடிக்கொண்டே இருந்தது. அவர் கை பேத்தியின் தலையில் இருந்தது, அது அசையாமல் நின்றுவிட்டது.

என்னால் முகத்தை நிமிர்த்த முடியவில்லை. இரண்டு வருடம் முன்பு எங்கள் தாத்தாவுக்கு நினைவு நாள் எடுத்தபோது, ஃப்ளெக்ஸ் பேனருக்கு வாசகம் எழுதிக் கொடுத்தது நான்தான். 'விளக்கு வைத்தபின் வீதி காணா உத்தமர்.' மோனையும் பொருளும் நன்றாக அமைந்ததென்று பத்துப் பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். பொருள் எவ்வளவு நன்றாக அமைந்ததென்று அந்த வேப்பமரத்தடியில்தான் தெரிந்தது.

"எழுதிக்க மாப்ள" என்றார் மாமனார். முதலில் சொன்ன 'எழுதிக்க' வேறு, இது வேறு.

இருட்டுவதற்குள் வீடு வர வேண்டும் என்று மூன்று மணிக்கே கிளம்பினோம். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பஸ்ஸில் மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் நிற்க, நான் வாட்சைப் பார்க்க, நடத்துநர் ஒருமுறை என்னைக் கேட்டே விட்டார், "இன்னா சார், டிரெயினைப் புடிக்கணுமா?"

வீட்டுக்கு வந்ததும் மகள் புது வெள்ளைத் தாளை எடுத்தாள். கணக்கு டீச்சர். ஸ்கேல் வைத்துப் போட்டாள். உச்சியில் ஒரே ஒரு சதுரம், தொண்டூர்த் தாத்தா; பக்கத்தில் 'மாலைக்கண் இருந்திருக்கலாம்'. அதற்குக் கீழே ஒரு பக்கம் என் அம்மா, மறுபக்கம் என் மாமா. அவர்களுக்குக் கீழே நான், என் மனைவி. எங்களுக்கு நடுவே மாதிரிப் படத்தில் ரத்த உறவுக் கல்யாணத்துக்குக் காட்டியிருந்தபடி ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாக இரட்டைக் கோடு. அதன் கீழே, நோய் உள்ளவருக்கான கறுப்படித்த ஒரு வட்டம். தன்னைத்தானே பென்சிலால் நிதானமாகக் கறுப்பாக்கினாள். ஓரத்தில் வெள்ளை விடாமல், கோட்டுக்கு வெளியே வராமல். குடும்ப மரம் என்கிறார்கள். எங்களுடையதில் பிரிந்த கிளைகள் கீழே வந்து மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தன.

அப்புறம் அந்தக் கட்டம். பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆயிரக்கணக்கான பத்திரங்களில் அடுத்தவர் சொந்தபந்தங்களைப் பிரித்தும் சேர்த்தும் எழுதின கை. மனைவி கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு என் விரலிலிருந்து பேனாவை உருவி, அவளே 'ஆம்' என்பதில் டிக் அடித்தாள்.

"ரெண்டு பேரும் சேந்துதான கட்டிக்கினோம். நீ மட்டும் இன்னாத்துக்கு மொகத்த தொங்கப் போட்டுக்கினு."

ஃபோட்டோ எடுத்து அன்றைக்கே அனுப்பினோம். திங்கட்கிழமை முழுதும் ஃபோனைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கிரயப் பத்திரத்தில் கிழக்கு எல்லையை மேற்கு என்று எழுதிக் கிழித்துப் போட்டு மறுபடி எழுதினேன். மத்தியானம் சாப்பிட்டேனா இல்லையா என்று எனக்கும் மனைவிக்கும் சாயங்காலம் ஒரு விவாதம் நடந்தது. ஐந்தரைக்குச் செய்தி வந்தது: ஆவணங்கள் சரி, சாம்பிள் ஏற்கப்பட்டது, பரிசோதனை தொடங்கியது, முடிவு வர சில வாரங்கள் ஆகும்.

மகளிடம் காட்டினேன். இரண்டு முறை படித்தாள். "ம்" என்றாள். பிறகு உள்ளே போய்த் தலைமையாசிரியருக்கு ஃபோன் செய்து, இனி மாலை ஸ்பெஷல் கிளாஸ் எடுக்க முடியாது, காலையில் வேண்டுமானால் எடுக்கிறேன் என்று சொன்னாள். காரணம் கேட்டார் போலிருக்கிறது. "கண்ணுல ஒரு பிரச்சன சார்" என்றாள். வெளியாள் ஒருவரிடம் அவள் அதைச் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் முறை. உடனே காலை வகுப்புக்கு நேரம் பேச ஆரம்பித்தாள். நான்தான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

முடிவு இன்னும் வரவில்லை. அது எந்த வகையோ, என்ன செய்ய முடியுமோ, எதுவும் தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை மாமனார் ஃபோன் செய்தார். அவராக ஃபோன் செய்வது அபூர்வம். முதலில் பேத்தியை விசாரித்தார். ரத்தம் போய்ச் சேர்ந்துவிட்டது, டெஸ்ட் போட்டுவிட்டார்கள் என்றேன். "நல்லாயிடும்" என்றார். பிறகும் ஃபோனை வைக்கவில்லை. பெரியவர் மனசு ஒடிந்து போயிருக்கிறார், தன் அப்பாவிடமிருந்து இறங்கி வந்ததை நினைத்து வருந்துகிறார் என்று எனக்குப் புரிந்தது. யாருடைய தவறும் இல்லை, இதெல்லாம் இயற்கை என்று நாலு நல்ல வார்த்தை மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"மாப்ள, ரெண்டு நாளா ஒரே ரோசனையா இருக்குது."

"சொல்லுங்க மாமா."

"எங்க நைனா கள்ளுக்கடைக்குப் போவாம இருந்தது, அப்ப ராத்திரியில வழி தெரியாததாலதானா?"

"அப்பிடியும் இருக்கலாம் மாமா. திட்டமா சொல்ல முடியாது."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் இன்னாத்துக்கு மாப்ள இத்தினி வருசம் குடிக்காம இருந்தேன்?"